அடுத்த கவர்

மேசைக்கு ஆறு கவர் என்று எண்ணி வைத்துக்கொண்டே வருகிறார் மௌலீஸ்வரன். எங்கள் மேசைக்கு வர இன்னும் இரண்டு மேசை இருக்கிறது, அதற்குள் எழுந்து பாத்ரூம் பக்கம் போய்விடலாமா என்று ஒரு யோசனை, போனால் மட்டும் என்ன, திரும்பி வரும்போது கவர் மேசைமேல் உட்கார்ந்திருக்கும். பழுப்புக் கவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டேஷனரிக் கடையில் நான் நூற்றிருபது வாங்கினேனே, அதே அளவு, அதே பசை தடவிய நாக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு டாக்டர்களைத் தூங்க விடக் கூடாது என்று இந்தப் பயிற்சி வகுப்புக்காரர்கள் ஏதாவது விளையாட்டுக் காட்டுவார்கள், நேற்று சோழி உருட்ட வைத்தார்கள், அவசரப் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பல வருஷம் நின்று பழுத்த முப்பது பேர் தரையில் குனிந்து சோழி எண்ணினோம். ஆராய்ச்சி செய்வது எப்படி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் மௌலீஸ்வரனுக்கு முப்பத்தொரு வயது, புள்ளியியல் படித்தவர், ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார், ரத்தம் கண்டால் மயங்குவேன் என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டுவிட்டார். அதைக் கேட்டு நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். என் இடப்பக்கத்தில் எங்கள் துறைத் தலைவர் குஞ்சிதபாதம் சார், பிரியாணி அவர் கண்ணைச் சொருக வைத்துவிட்டது, கை மட்டும் விழித்துக்கொண்டு நிகழ்ச்சி நிரல் தாளைப் பிடித்திருக்கிறது, அதில் மூன்றரை மணிக்கு நேரே என் பெயர். டாக்டர் தில்லைநாயகி, ஒரு முன்மாதிரி ஆய்வு. முன்மாதிரி என்ற வார்த்தையை யார் போட்டது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். சார்தான் போட்டிருப்பார். மணி இப்போது இரண்டு பத்து.

கவர் வந்துவிட்டது. "உள்ள ஒரு சீட்டு இருக்கு, அதுல அ இல்லன்னா ஆ. பிரிக்காம எந்த எழுத்துன்னு கண்டுபிடிங்க, ஏமாத்துறதுக்கு இன்னிக்கு மட்டும் அனுமதி" என்கிறார் மௌலீஸ்வரன். அரங்கமே விழித்துக்கொண்டது. டாக்டர்களைப் படி என்றால் தூங்குவார்கள், ஏமாற்று என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். எதிரே கரூர்க்காரர் நவாஸ், மயக்க மருந்து டாக்டர், செல்போன் டார்ச்சைப் போட்டுக் கவருக்கு அடியில் பிடிக்கிறார். பக்கத்து மேசையில் ஒருவர் தண்ணீர் தொட்டுப் பசையை நனைக்கிறார். இதெல்லாம் எதற்கென்று மௌலீஸ்வரன் நடந்துகொண்டே சொல்கிறார், எனக்குத் தெரியாததா, இரண்டு சிகிச்சையில் எது நல்லது என்று பார்க்க வேண்டுமானால் யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்யக் கூடாது, சீட்டு முடிவு செய்ய வேண்டும், அடுத்த சீட்டு என்னவென்று டாக்டருக்கு முன்கூட்டித் தெரியவும் கூடாது. தெரிந்தால் அவர் மனசுக்குப் பிடித்தவருக்கு அவர் மனசுக்குப் பிடித்த மருந்து போய்விடும், அப்புறம் ஜெயித்தது மருந்தா டாக்டரின் பொறுக்கலா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. பிரம்மா என் வார்த்தை, அவர் சொல்லவில்லை. நவாஸ் தோற்றுப்போய்க் கவரை என்னிடம் நீட்டுகிறார், வெளிச்சம் போகவே மாட்டேங்குது மேடம் என்கிறார். போகாது. விரலால் தடவினாலே தெரிகிறது, உள்ளே அலுமினியத்தாள் மடித்து வைத்திருக்கிறது. என் கவர்களில் அது இல்லை. எங்கள் ஆய்வுத் திட்டத்தில் ஒளிபுகாத உறை என்று நானே டைப் அடித்தேன், கடைக்குப் போனபோது வெயில், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். எக்ஸ்ரே பார்க்க வார்டில் சுவரோடு ஒரு விளக்குப் பெட்டி மாட்டியிருக்கும், அந்த வெள்ளை வெளிச்சத்தில் கவரை வைத்து அழுத்தினால் எழுத்து தெரியும். கொஞ்சம் மங்கலாகத் தெரியும். ஆ என்றால் அந்தக் கீழ்ச் சுழி தெளிவாகவே தெரியும். எனக்கு எப்படித் தெரியும் என்றால் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை.

அது பொற்கொடிக்காக. இருபத்து மூன்று வயது, பிரசவமாகி ஒன்பதாம் நாள், காய்ச்சலோடு வந்தாள், கிருமி ரத்தத்தில் ஏறி பிரஷர் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் ஆய்வே அவளைப் போன்றவர்களுக்குத்தான். பிரஷர் விழுந்து வருகிறவர்களுக்கு அ என்றால் பிரஷரை ஏற்றும் மருந்தை வந்த உடனே கை நரம்பில் தொடங்கிவிடுவது, ஆ என்றால் முதலில் சலைன் கொடுத்துப் பார்ப்பது, தேறாவிட்டால் மருந்து. இரண்டுமே ஊர் உலகத்தில் செய்வதுதான், எது மேல் என்று யாருக்கும் தெரியாது, தெரியாததால்தான் ஆராய்ச்சி. எனக்கு மட்டும் தெரியும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பதினாலு வருஷம் கட்டிலோரம் நின்றவளுக்குத் தெரியாதா, எனக்கு அ தான். அவள் ஜாக்கெட்டின் முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. அரை மயக்கத்தில், புள்ளைக்குப் பசிக்கும், புள்ளைக்குப் பசிக்கும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், வெளியே அவள் மாமியார் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த சத்தம் எனக்குக் கேட்டது, அந்த ரப்பர்ச் செருப்புச் சத்தம். அடுத்த கவர் முப்பத்தேழு. எடுத்தேன். பிரிக்கப் போன கை பிரிக்கவில்லை. நாலு எட்டில் விளக்குப் பெட்டி, யாரோ ஒருவரின் நெஞ்சு எக்ஸ்ரே அதில் தொங்கியது, அதன் ஓரத்தில் கவரை வைத்தேன், ஆ. திருப்பி வைத்தேன், முப்பத்தெட்டை எடுத்தேன், அதையும் பார்த்தேன், அ. அதைப் பிரித்தேன். பத்து வினாடி ஆகியிருக்குமா. மருந்து ஓடியது, மாலைக்குள் பிரஷர் நின்றது, ஆறாம் நாள் பொற்கொடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள், போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் கண்ணைத் துடைத்தேன். இதில் என்ன தப்பு. எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், அந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆனால் முப்பத்தேழு அங்கேயே இருந்ததே. அதை நான் தின்றுவிடவில்லையே. முக்கால் மணி நேரத்தில் அடுத்தவர் வந்தார், ஆண், ஐம்பத்திரண்டு வயது, சிறுநீரகத்தில் சீழ், இதெல்லாம் கோப்பில் இருப்பது. வரிசைப்படி நடந்திருந்தால் அவருக்கு அ. அவர் கைக்குப் போனது நான் திருப்பி வைத்த ஆ. மூன்றாம் நாள் போய்விட்டார். அ கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது, ஆ கொடுத்திருந்தால் பொற்கொடி போயிருப்பாளா, அதுவும் தெரியாது, சத்தியமாகத் தெரியாது, எதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தொடங்கினேனோ அதைக் கண்டுபிடிக்க முடியாமல் நானே மண்ணை அள்ளிப் போட்டேன். அவர் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன், இளநீர்க்காரரா, இல்லை, இளநீர்க்காரர் வேறொரு நாள் வந்தவர். கட்டம் போட்ட கைலி. கட்டம் போட்ட கைலி இல்லாத ஆண் நோயாளி யார். இந்த நேரத்தில் குஞ்சிதபாதம் சார் கண்ணைத் திறந்து என் பக்கம் சாய்கிறார், தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அனுப்ப வேண்டிய சுற்றறிக்கையை நேற்றே எழுதி முடித்தாகிவிட்டதாம், பிரஷர் விழுந்து வருகிறவர்களுக்கு இனிமேல் அ தான் என்று, எங்கள் ஆய்வை ஆதாரமாகக் காட்டியிருக்கிறாராம், இங்கே பேசி முடித்ததும் அனுப்பிவிடுவாராம். பணி ஓய்வுக்கு நாலு மாசம், அதற்குள் ஒரு நல்ல காரியம் என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் குழந்தைபோலச் சிரிக்கிறார். நல்லவர். என்னைத் திட்டாத ஒரே தலைவர். ஒரு தடவை நடந்ததற்காக இவரை நான் தெருவில் நிறுத்த வேண்டுமா, நூற்றிருபதில் ஒன்று, ஒரு சோடி, அதை எடுத்துவிட்டாலும் முடிவு மாறாது. மாறாது என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அமலோற்பவம் சிஸ்டருக்கு மட்டும் தெரியும், நான் விளக்குப் பெட்டியோரம் நின்றதை மருந்து ட்ரேயோடு வந்தவர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அப்புறம் ஒரு நாள் புது நோயாளி வந்ததும் நான் சொல்லாமலே இரண்டு கவரை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

இரண்டு கவர். சிஸ்டர் ஏன் இரண்டு கவர் கொண்டுவர வேண்டும். ஒரே தடவை நடந்த காரியத்துக்கு ஒரு நர்ஸ் பழகிக்கொள்வாரா. சரி, இரண்டு தடவை. கண்டக்டர் சத்தார் பாய்க்கு ஒரு தடவை, அவர் எங்கள் அப்பாவைப் போலவே மூச்சை இழுத்து விட்டார், பெரிய காரணம். நாலு. சரி, நாலு, நாலுக்கு மேல் இல்லை. மணி இரண்டு ஐம்பது, மௌலீஸ்வரன் கவர்களைத் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறார், யாரும் எழுத்தைக் கண்டுபிடிக்கவில்லை, தோற்றதில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். என்னுடையதைக் கொடுக்கும்போது என் கை ஈரமாக இருந்ததில் கவரில் விரல் பதிந்துவிட்டது, அவர் அதைப் பார்த்தாரா தெரியவில்லை. டீக்கு விடுகிறார்கள். நான் டீ வேண்டாம் என்று பாத்ரூம் போய் முகத்தைக் கழுவுகிறேன், மறுபடி கழுவுகிறேன், கண்ணாடியில் ஒரு பொம்பளை, முப்பத்தெட்டு வயது, அட்டை கழுத்தில் தொங்குகிறது, பார்த்தால் நம்பலாம். சொன்னால் என்ன ஆகும். ஆய்வு போகும், இரண்டு வருஷம் போகும், சாரின் சுற்றறிக்கை போகும், வீட்டுக்கு நோட்டீஸ் வரலாம், நவாஸ் ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்வார். சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருக்கிறது, ஒன்றுமே ஆகாது, மாவட்டம் முழுக்க டாக்டர்கள் அந்தத் தாளைப் பார்த்து, தில்லைநாயகி மேடம் கண்டுபிடித்தது என்று நம்பி, எனக்கே தெரியாத ஒன்றைச் செய்வார்கள். அ ஒருவேளை நல்லதாகவே இருக்கலாமே. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வெளியே வந்தால் வாசலிலேயே மௌலீஸ்வரன், கையில் காகிதக் கப்பில் டீ, எனக்கென்று பிடித்து வைத்திருக்கிறார். என் பதிவேட்டை முழுக்கப் பார்த்தாராம், முப்பது ஆய்வுகளில் கவர் வரிசை ஒரு இடத்தில்கூடப் பிசகாமல் இருப்பது என்னுடையதில் மட்டும்தானாம், இனிமேல் எல்லா வகுப்பிலும் அதைத்தான் காட்டப் போகிறாராம். பிசகாமல் எப்படி இருக்கும் என்று இந்தப் பிள்ளைக்குத் தோன்றவே இல்லையே. பதிவேட்டில் நேரம் எழுதும் கட்டமே நான் போடவில்லை, தேதி மட்டும்தான், சாயங்காலம் உட்கார்ந்து வரிசையாக நான்தான் எழுதுவேன், முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று அழகான கையெழுத்தில். "நேர்மையா ஒரு ஆய்வு பாத்தா மனசுக்கு சந்தோஷமா இருக்கு மேடம்" என்கிறார். டீ தொண்டையில் சுடுகிறது. நன்றி சார் என்றேன். என்னைவிட ஏழு வயது சின்னவரை முதல் தடவையாக நான் சார் என்று கூப்பிட்டேன்.

மூன்றரை. குஞ்சிதபாதம் சார் முதல் வரிசைக்கு நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார், சட்டையை இழுத்துச் சரிசெய்துகொள்கிறார், கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா உட்காருவது மாதிரி. திரையில் என் முதல் பக்கம், தலைப்பு, என் பெயர், சார் பெயர். பேச வேண்டியது எனக்கு மனப்பாடம், எங்கே நிறுத்த வேண்டும் எங்கே சிரிக்க வேண்டும் என்பதுவரை. வணக்கம் சொன்னேன். அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தானை அழுத்தவில்லை. அழுத்து, அழுத்தினால் போதும், மீதியை வாய் பார்த்துக்கொள்ளும், எத்தனை தடவை சொல்லிப் பார்த்த பேச்சு. அழுத்தினால் இனி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், இந்த அரங்கத்தில், அடுத்த அரங்கத்தில், மௌலீஸ்வரன் என் பதிவேட்டைத் திரையில் காட்டும் ஒவ்வொரு ஊரிலும். "கவர நான் வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நவாஸ் கை தட்டினார், நாங்களும்தானே பாத்தோம் என்றார் யாரோ. நியாயம்தான், ஒரு மணி நேரம் முன்னால் முப்பது பேரும் அதைத்தானே செய்துகொண்டிருந்தோம். "இங்க இல்ல. வார்டுல. இந்த ஆராய்ச்சியில." சிரிப்பு ஓரிடத்தில் நின்றது, பின்வரிசையில் மட்டும் கொஞ்சம் மிச்சம் ஓடியது. குஞ்சிதபாதம் சார் எழுந்தார், காலையிலேர்ந்து உனக்கு உடம்பு சரியில்ல, வா, வந்து உக்காரும்மா என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவருக்கு நான் செய்த துரோகம் இப்போதுதான் என் மேல் வந்து விழுந்தது, அழுகை முட்டியது, மேடை மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் உட்காரவில்லை.

மௌலீஸ்வரன் பக்கவாட்டில் இருந்து வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது, ரத்தத்தைப் பார்த்தால் இப்படித்தான் ஆகுமோ என்னவோ. திட்டுவார் என்று நினைத்தேன். வெள்ளைப் பலகைக்கு அருகே போய் மார்க்கரின் மூடியைக் கழற்றினார். "எத்தன தடவ மேடம்?" என்றார். ஒன்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அது இல்லாவிட்டால் நாலு, நாலு என்று எனக்குள் முடிவாகி இருந்தது. "பதினொண்ணு" என்றேன். அந்த எண்ணை அரங்கத்தோடு சேர்ந்து நானும் அப்போதுதான் கேட்டேன். பொய் இல்லை, சொன்ன உடனே ஒவ்வொன்றாக வந்து நின்றுவிட்டார்கள். பலகையின் நடுவில் அவர் ஒரு கோடு இழுத்தார், யாருக்கெல்லாம் கவரை மாற்றி எடுத்தீர்கள், நம்பர் சொல்லுங்கள் என்றார். பொற்கொடி, முப்பத்தெட்டு என்றேன். சத்தார் பாய், நாற்பத்து மூன்று. செவிலியர் கல்லூரியில் படித்த வினோதா, அவளுடைய தோழிகள் வாசலில் சீருடையோடு நின்றிருந்தார்கள். மூன்று பெண் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்தவன் என்று தாய் சொல்லிச் சொல்லி அழுத செங்குட்டுவன். எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியை ரெபேக்கா டீச்சர். "பேர் வேணாம் மேடம், நம்பர் போதும்" என்றார் மெதுவாக, ஆனால் எனக்குப் பெயரோடுதான் வந்தார்கள், பெயரைப் பிடித்துக்கொண்டுதான் எண்ணுக்குப் போக முடிந்தது, பதினொரு பேரையும் அப்படியே சொல்லி முடித்தேன், யார் எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரிந்திருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பதினொரு எண் நிறைந்தது. அவர் மறுபக்கத்துக்கு நகர்ந்தார். நீங்கள் திருப்பி வைத்த கவர் யாருக்குப் போனது, அடுத்து வந்தவர்கள் யார் யார் என்று கேட்டார். முப்பத்தேழு என்றேன். நாற்பத்திரண்டு. ஐம்பது. ஐம்பத்தாறு. குஞ்சிதபாதம் சார் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பதினொன்றையும் சொன்னேன், இந்தத் தடவை அவர் கேட்டபடி வெறும் எண்களாகவே சொன்னேன். எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.